தும்பிக்கை உடைந்த யானைகள்மேல் ஒரு லேப்டாப்

என் லேப்டாப் எவ்வளவு மெல்லியது என்றால், அதை முதன்முதலாகப் பையிலிருந்து எடுத்துக் காட்டியபோது அப்பா, "மீதி எங்கமா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பிடுவார்கள். அப்பா மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குக் கல் ஏற்றி இறக்குகிறவர். அம்மா அப்படி ஒரு பட்டறையில் சிலைகளைத் தண்ணீர் விட்டு, எமரித் தாளால் தேய்த்துப் பாலிஷ் போடுகிறவர். நாள் முழுக்கக் கனத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு லேசான பொருளெல்லாம் நல்ல பொருள். நானும் அந்தக் கணக்கில்தான் கடையில் இருந்ததிலேயே லேசானதை எடுத்தேன். கல்லூரிக்குப் போக வீட்டிலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்து, அங்கிருந்து பொத்தேரிக்கு ரயில், மாலையில் மறுபடி அதே வழி. தோளில் மாட்டினால் சாப்பாட்டு டப்பாதான் அதைவிடக் கனம்.

"கேம் ஆடுவீங்களா மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். "படிக்கிறதுக்கு" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கடைக்காரர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது கல்லூரியின் கடைசி வருடத்தில்தான் புரிந்தது.

சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் உருவாக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்னும் வெளிவராத விளையாட்டை ஆடிப் பார்த்து, எங்கே என்ன கோளாறு என்று எழுதித் தருவதுதான் வேலை. குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். "அத நீ சும்மாவே செய்வியே" என்றார் அம்மா.

ஒரு வியாழக்கிழமை பதில் வந்தது. அவர்களுடைய ஒரு விளையாட்டை அனுப்பியிருந்தார்கள். அதை ஆடி, கண்ட கோளாறுகளை எழுதி, எந்தக் கணினியில் ஆடினேன் என்ற விவரத்தோடு ஞாயிறு மாலைக்குள் அனுப்ப வேண்டும். அறிக்கை பிடித்திருந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். மற்ற நிறுவனங்கள் எல்லாம் எனக்கு என்ன தெரியும் என்று கேட்டன. இவர்கள் மட்டும்தான் என் கண்ணுக்கு என்ன படுகிறது என்று கேட்டார்கள். இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழி அந்த விளையாட்டின் அளவைப் பார்த்துவிட்டு என் லேப்டாப்பைப் பார்த்தாள்.

"ஏய், உன்னுது அப்பளம்டி. இதப் போட்டா பொரிஞ்சிடும். என்னோடத எடுத்துட்டுப் போ, திங்கக்கிழமை குடு."

அவளுடையது செங்கல் போலத் தடிமன். உள்ளே படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதற்குத் தனி விசிறி. நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனாலும் "வேணாம்டி" என்றேன். இரவல் கணினியில் ஆடி வாங்கும் வேலை இரவல் வேலை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அது திமிர் என்றால் திமிர்தான். இன்னொரு காரணமும் இருந்தது. பொரியுமா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். பொரியவில்லை. மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு பழைய நகரம் திரையில் எழுந்தது. பாதித் தெருக்கள் தண்ணீருக்குள். கூரைகளுக்கு நடுவே படகுகள். நான் ஆட்டுவிக்கும் பெண் ஒரு படித்துறையில் நின்றாள். அவளுடைய பிம்பம் தண்ணீரில் நெளிந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ரெண்டு பாட்டு ஓடும் நேரம் அவள் நன்றாகவே நடந்தாள், ஓடினாள், படகேறினாள். பிறகு லேப்டாப்பின் விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. அந்தப் பெண் தூக்கிய காலை யோசித்து யோசித்துக் கீழே வைத்தாள். மழைத்துளிகள் பாதி வழியில் நின்று, பிறகு விழுந்தன.

முடியாது என்றால் முதலிலிருந்தே முடியாமல் இருக்க வேண்டும். இவ்வளவு நேரம் முடிந்தது, திடீரென்று எப்படி முடியாமல் போகும்? நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, மறுபடி போட்டேன். மறுபடி அதே மாதிரி ஓடியது, அதே மாதிரி தளர்ந்தது. போனில் தேடிப் படித்தேன். கெட்டுப் போகவில்லையாம். சூடு ஏறியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதாம். தடித்த லேப்டாப்பில் கணக்குப் போட ஒரு சில்லு, படம் வரைய ஒரு சில்லு. என்னுடையதில் சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே ஆள். அந்த ஆளுக்கு மூச்சு விடவும் இடமில்லை.

சரி, வேலையைக் குறைத்துக் கொடுப்போம் என்று விளையாட்டின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். அங்கே உட்கார்ந்ததுதான், நேரம் போனதே தெரியவில்லை. நிழல், புல், செடிகொடி, தண்ணீரில் தெரியும் பிம்பம், எவ்வளவு தூரம்வரை தெரிய வேண்டும் என்பது, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான்கள். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். நிழலை எடுத்ததும் மனிதர்கள் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல ஆனார்கள். நிழல்தான் ஆளைத் தரையோடு ஒட்டி வைக்கிறது என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. பிம்பத்தை எடுத்ததும் தண்ணீர் சாம்பல் நிறத் தார்ப்பாய் ஆகிவிட்டது. புல்லை எடுத்ததும் ஊரே மொட்டையாகிவிட்டது.

அன்று மாலை அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனவள் கடற்கரைக்கு நடந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் கடல்தான். அன்றைக்கு அதைப் பொத்தான் பொத்தானாகப் பிரித்துப் பார்த்தேன். மணலில் இழுத்துப் போட்டிருந்த படகில் வலையின் முடிச்சுகூடத் தெரிந்தது. கடலுக்குள் போன படகு வெறும் கோடு. என் கண்ணும் தூரத்தில் இருப்பதற்கு அதிகம் உழைப்பதில்லை. ஒரு அலை உடைந்து நுரையாகும் நேரத்துக்குள் அந்த நுரையில் எத்தனை வெளிச்சம் மாறுகிறது! இதை என் லேப்டாப்பிடம் வரையச் சொன்னால் அழுதுவிடும். மருந்துக் கடை மூடும் நேரத்துக்கு ஓடித்தான் போனேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி ஆடும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து லேப்டாப்பின் அடியில் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இன்னாடி இது, தோசக்கல்லு மாதிரி கீது? மடியில வச்சிக்கினு இருக்கியே, தொட வெந்துடப் போவுது."

"அடியில ஓட்டை இருக்கு பாரும்மா. அது வழியா காத்து உள்ள போவணும். அதான் பத்தல."

"கல்லு மேல வையேன். கல்லு சில்லுனு இருக்கும்ல?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத்தான் படும்.

அம்மா அந்தப் பட்டறையிலேயே சிற்பியாக இருக்கும் பெரியம்மா மகனிடம் சொல்லிவிட்டார் போல. சனிக்கிழமை மதியம் அண்ணன் வண்டியில் வந்து இறங்கினார். சாக்கில் சுற்றியிருந்த எதையோ மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார். கூடவே அம்மா, கையெல்லாம் தேய்த்த கல்லின் பால் காய்ந்த வெள்ளை.

"இந்தா பாப்பா, உன் பொட்டிக்குப் பீடம்."

சாக்கை விலக்கினால் கறுப்புக் கல் பலகை. லேப்டாப்பை அளந்து வெட்டிய மாதிரி அதே நீளம், அதே அகலம். நடுவில் ஒரு தாமரை. இதழ் இதழாகப் புடைத்து, விதைப் புள்ளிகள்கூடத் தவறாமல், முகம் தெரிகிற பளபளப்பில்.

"தாமரை எதுக்குண்ணா?"

"பீடம்னா தாமர இல்லாம எப்டி? மொட்டக் கல்ல கொண்டாந்து குடுத்தா பட்டறையில என்ன மதிப்பாங்களா?"

"காலைலேர்ந்து நான்தான் தேச்சிக்கினு கீறேன்" என்றார் அம்மா.

லேப்டாப்பைத் தாமரைமேல் வைத்து விளையாட்டைப் போட்டேன். கல் குளிர்ந்திருந்தது. லேப்டாப்பின் சூட்டை அது அப்படியே வாங்கிக்கொண்டது. மழை நகரத்துப் பெண் முன்னைவிடத் துள்ளி நடந்தாள். நாங்கள் மூன்று பேரும் திரையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம்.

"பாத்தியா? கல்லுன்னா கல்லுதான்" என்று அண்ணன் தொடையைத் தட்டினார்.

கொஞ்ச நேரம்தான். கல் சூட்டை வாங்கி வாங்கித் தானும் சூடாகிவிட்டது. பிறகு அது எதையும் வாங்கவில்லை. விளையாட்டு இதுவரை இல்லாத அளவுக்கு மோசமாக இழுத்தது, கடைசியில் திரை கறுத்து அணைந்தே போனது. தூக்கிப் பார்த்தேன். காற்று உள்ளே போகும் ஓட்டைகள் இருக்கும் இடத்தில் மிகச் சரியாகத் தாமரையின் இதழ்கள் அழுந்தியிருந்தன.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் மாலை அறிக்கை போக வேண்டும்.

"ண்ணா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா தாமரை மூச்ச அடைக்குது. ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு கட்டை மாதிரி இருந்தா போதும். நடுவுல ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"நடுவுல ஒண்ணும் இல்லன்னா அதுக்கு நான் எதுக்கு? ரெண்டு செங்கல்ல வச்சிக்க."

"செங்கல்லு பொடி உதிரும்ணா. விசிறிக்குள்ள போயிடும்."

அம்மா சட்டென்று எழுந்து போனார். கோபம் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் பட்டறையிலிருந்து முந்தானையில் எதையோ கட்டிக்கொண்டு வந்து அவிழ்த்தார். இரண்டு கல் யானைகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்க, அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் செய்கிற சின்ன யானைகள். செதுக்கும்போது தும்பிக்கை உடைந்து ஒதுக்கப்பட்டவை.

"ரெண்டும் ஒரே ஒசரம். தும்பிக்கதான் இல்ல. உன் பொட்டிக்குத் தும்பிக்க எதுக்கு?"

இரண்டு பக்கமும் ஒவ்வொரு யானையை நிறுத்தி, வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி முதுகில் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். அடியில் காற்று தாராளமாகப் போனது.

அண்ணனால் தாங்க முடியவில்லை. "நான் செதுக்குன தாமர வோணாமாம், மூக்கொடஞ்ச யானைங்க வோணுமாம். படிச்ச பொண்ணு!"

"படிச்சதாலதாண்ணா வேணாங்கறேன்."

"வாயப் பாரு சின்னம்மா, உன் பொண்ணுக்கு!" என்று அம்மாவிடம் முறையிட்டுவிட்டு, அவரே சிரித்துவிட்டார். தாமரைப் பீடத்தில் அன்றைக்கே தண்ணீர்க் குடம் ஏறியது. அதன்மேல் குடம் மிக கம்பீரமாக இருக்கிறது.

யானைகளால் தளர்ச்சி தள்ளிப்போனது. ஆனால் வராமல் இல்லை. ஞாயிறு காலை, திரையின் மூலையில் ஓடும் ஓர் எண்ணைக் கவனித்தேன். ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று காட்டும் எண் அது. அந்தப் பெண்ணை அசையாமல் நிற்க வைத்துவிட்டு, காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சும்மா நிற்கும்போதும் எண் உச்சத்திலேயே இருந்தது. ஒன்றுமே நடக்காத படித்துறையை என் லேப்டாப் உயிரைக் கொடுத்து வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. போதும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை!

செட்டிங்ஸில் தேடினேன், இருந்தது. நொடிக்கு முப்பது படத்துக்குமேல் வேண்டாம் என்று கட்டிப் போட்டேன். நிழல், புல், கொடி எல்லாவற்றையும் கடைசிப் படிக்கு இறக்கினேன். அதன் பிறகு விசிறியின் சத்தம் ஒரே சீராக இருந்தது. எவ்வளவு நேரம் ஆடியும் அந்தப் பெண்ணின் கால் தளரவில்லை. வீட்டில் யாரும் இல்லை, இருந்திருந்தால் கத்தியிருப்பேன். யாரும் இல்லாததால் யானைகளிடம் சொன்னேன்.

இனிமேல்தான் உண்மையான வேலை. கோளாறு தேடி நகரத்தைச் சுற்றினேன். ஒரு படகு பாலத்துக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது. ஒரு கதவு திறக்கும் முன்பே சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டேன். ஒரு பாழடைந்த தோட்டத்துக்கு வந்தேன். மதிலில் ஒரு குகை வாய் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே நடந்தேன், அரண்மனைக்குள் வந்துவிட்டேன். அங்கே ஒரு படகுக்காரர் கைகூப்பி, "என் மகளைக் காப்பாற்றினாயே, தாயே" என்று கண்கலங்கினார்.

எந்த மகள்? நான் யாரையும் காப்பாற்றவில்லையே. அப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததுகூட இல்லை.

திரும்பி வந்து யோசித்தேன். அந்தக் குகை வாய் ஒளிந்திருக்க வேண்டியது. ஊரெல்லாம் அலைந்து, மகளைக் காப்பாற்றி, படகுக்காரர் சொன்ன பிறகே அந்த வழி தெரிய வேண்டும். மறைத்துக்கொண்டிருந்தது கொடி. கொடியை வரைய வேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டேனே. என் லேப்டாப்பில் மறைவே இல்லாமல் போனதால் பாதிக் கதையைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

இதை எழுதுவதா என்று பேனாவைக் கடித்தேன். எழுதினால் என் லேப்டாப்பின் நிலைமையையும் எழுத வேண்டும். விளையாட்டின் குற்றம் இல்லை, உன் கணினியின் குற்றம் என்று அவர்கள் சொல்லி, அதோடு என் பெயரை அடித்துவிடலாம். தோழியின் லேப்டாப்பில் ஆடியிருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஆனால் அதில் ஆடியிருந்தால் இந்தக் குகையும் இல்லை. இதையே முதல் கோளாறாகப் போட்டேன். கணினி விவரத்தில், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, மெல்லிய லேப்டாப், இன்னின்ன அமைப்புகள் குறைக்கப்பட்டன என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த வாரத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அந்த அறையில் இரண்டு பேர். சோதனைப் பிரிவின் தலைவி, அந்தத் தோட்டத்தை உருவாக்கியவர். மேசைமேல் பெரிய திரையோடு ஒரு பெரிய கணினி.

"அந்தக் குகை விஷயத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் தலைவி.

விளையாட்டு எழுந்தது. ஒவ்வொரு சுவரிலும் பாசி. தண்ணீரில் மேகம் நகர்ந்தது. புல் என் கால்பட்டு வளைந்தது. எவ்வளவு அழகு! ஆனால் இது எந்த ஊர் என்றே எனக்குத் தெரியவில்லை. நான் நடந்த மொட்டைத் தெருக்கள் எங்கே? இடப்பக்கம் திரும்பினேன், முட்டுச் சந்து. வலப்பக்கம் போனேன், தோட்டம் மாதிரி இருந்தது, எங்கும் கொடி, எல்லா மதிலும் ஒரே பச்சை. வந்த வழியே திரும்பினேன், அதுவும் தெரியவில்லை.

"அங்க அப்படி ஒண்ணு தெரியவே தெரியாதுங்க" என்றார் உருவாக்கியவர், தன்மையாகத்தான். "கொடி முழுசா மூடியிருக்கும். உங்க லேப்டாப் பிரச்சனையா இருக்கும்."

வேலை கையை விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது.

"செட்டிங்ஸ் மாத்தலாமா சார்?"

"மாத்துங்க."

நிழலை எடுத்தேன். பிம்பத்தை எடுத்தேன். தண்ணீர் தார்ப்பாய் ஆனது. புல்லை எடுத்தேன். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக என் ஊராகிக்கொண்டு வந்தது. இப்போது எனக்கு வழி தெரிந்தது. தோட்டத்தின் வடக்கு மதிலுக்கு நேராக வந்து நின்று, கடைசியாகக் கொடியை எடுத்தேன்.

குகை வாய் திறந்து கிடந்தது. உள்ளே போனேன். படகுக்காரர் கைகூப்பி மகளுக்காக நன்றி சொன்னார். தலைவி வாய்விட்டுச் சிரித்தார். உருவாக்கியவர் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"இந்த மெஷின்ல எல்லாம் யாரு ஆடப் போறா?" இது உருவாக்கியவர்.

"யாரு ஆடப் போறாளா? வீட்டுக்கு வீடு பசங்ககிட்ட எது இருக்குன்னு நெனச்சிட்டிருக்க? கொடிய வச்சா மறைப்ப? ஒரு கல்ல வச்சி மறைச்சா என்ன?"

"கல்லு வச்சா அப்புறம் நகர்த்தணும், அதுக்கு..."

சண்டை நீண்டது. எனக்கு அது இனிமையாக இருந்தது. இல்லாத கோளாறுக்கு யாரும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள்.

தலைவி வெளியே வந்தார். "உங்கள எடுத்துக்கறோம். பெரிய மெஷின் தருவோம். ஆனா உங்க லேப்டாப்பையும் தினமும் கொண்டு வர முடியுமா? எல்லாத்தையும் அதுலயும் ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்."

ஆசையில் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"மேடம், அது என்னோடது. கம்பெனி வேலைக்கு அதே மாதிரி ஒண்ணு கம்பெனிதான் வாங்கித் தரணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நியாயந்தான்" என்றார். "எப்ப சேர்றீங்க?"

"திங்கக்கிழமை வரேன் மேடம்" என்றேன். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே அந்தப் பெரிய திரை தெரிந்தது. மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. கொடியையும் புல்லையும் நிழலையும் திரும்பப் போட்டுவிட்டு, ஒரே ஒரு சுற்று அந்த ஊரை நடந்து பார்த்துவிட்டுக் கிளம்பலாமா என்று கேட்டேன்.